கடல் காணாத மீன்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் நூலொன்றைக் கொணர்ந்து நம்மிடம் நீட்டினான். பிரிட்டன் நாட்டு ஆறுகளில் காணப்படும் கடல் டிரவுட் என்னும் மீனின் படம் அதில் இருந்தது. வெள்ளியை உருக்கி வார்த்தாற்போன்ற உடல், ஆங்காங்கே கரும்புள்ளிகள். “ஐயா, நம் ராஜமலை ஓடையில் இருக்கும் டிரவுட்டும் இதுவும் ஒன்றுதானா? நம் மீன் மட்டும் ஏன் கடலுக்குப் போவதில்லை?” என்று வினவினான். அருகில் அமர்ந்திருந்த தோட்டத் தொழிலாளப் பெரியவர், “போனால் திரும்பி வர விடுவார்களா, தம்பி?” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. இத்திங்கள் அவ்விருவருக்கும் விடை கூற முயல்வோம்.

கடல் டிரவுட் தனியோர் இனமன்று. ஆற்றிலேயே வாழ்ந்து முடியும் பழுப்பு டிரவுட்டும் அதுவும் ஒரே இனத்தவை. ஒரே கூழாங்கற் படுகையில் ஒரு தாய் இட்ட முட்டைகளிலிருந்து வெளிவரும் குஞ்சுகளுள் சில ஆற்றிலேயே தங்கிவிடுகின்றன. சில இரண்டு மூன்று ஆண்டுகள் ஆற்றில் வளர்ந்தபின் வெள்ளி நிறம் பூண்டு கடலுக்குச் செல்கின்றன. அவற்றுள் பெண் மீன்களே மிகுதி. ஓடையிற் கிடைப்பதைக் காட்டிலும் கடலில் இரை ஏராளம். நன்கு உண்டு பெருத்த மீன் மிகுதியாக முட்டையிடும். வயிற்றுப்பாட்டுக்காக ஊரை விட்டவர்களின் வழியில் வந்த நமக்கு இக்காரணத்தை ஒருவர் விளக்க வேண்டுவதில்லை. சென்ற மீன் முட்டையிடும் பருவத்தில் தான் வளர்ந்த ஆற்றைத் தேடி மீள்கின்றது. அவ்வாற்று நீரின் மணமே அதற்கு வழிகாட்டி என்பர் அறிவியலார்.

இம்மீனைத் தூண்டிலிற் பிடிப்பது ஒரு நுண்கலை. ஆற்றுக்குத் திரும்பிய மீன் பெரும்பாலும் உண்பதில்லை. பகலில் ஆழ்ந்த மடுக்களில் ஒளிந்திருந்து இரவில் இயங்கும். ஆகவே தூண்டில்காரரும் கோடைக்கால இரவில் இருளோடு இருளாக ஆற்றில் இறங்கி நிற்பர். இறகும் மயிரும் நூலும் கொண்டு கொக்கியின்மேல் கட்டிய செயற்கை ஈயே அவர்கள் இரை. அதற்கு எடை என்பது இல்லை. கோலில் ஓடும் நூலின் கனமே அதனைக் கொண்டு செல்லவேண்டும். கோலைப் பின்னே வீசி, நூல் முழுதும் நீளும்வரை பொறுத்து, பின்னர் முன்னே வீசி, நீர் அறியாதபடி ஈயை இறக்க வேண்டும். பசியற்ற மீன் அதனை ஏன் கவ்வுகின்றது என்பதைப் பற்றி அந்நாட்டார் ஓயாது வாதிடுவர். ஹியூ ஃபால்கஸ் என்பவர் 1962 இல் இம்மீன்பிடிப்புக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

டிரவுட் மீன் நம் மலைகளுக்கு எவ்வாறு வந்தது? 1864 இல் டிரவுட் முட்டைகளை ஈரப் பாசியிற் பொதிந்து, பனிக்கட்டிகளுக்கு நடுவே வைத்து, நார்ஃபோக் என்னும் கப்பலில் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் அங்கிருந்து தாஸ்மேனியாவுக்கும் கொண்டு சென்றனர். அவை அங்கே பொரித்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் நியூசிலாந்துக்கும் சென்றன. அதற்கு ஓராண்டு முன்னர், 1863 இல், பிரான்சிஸ் டே என்பவர் நீலகிரிக்கு டிரவுட்டைக் கொணர முயன்றார், அது கைகூடவில்லை. பின்னர் எச். சி. வில்சனின் முயற்சியால் 1907 இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. நீலகிரியில் நிலைத்தது பழுப்பு டிரவுட் அன்று. பசிபிக் கரையைப் பூர்விகமாகக் கொண்ட வானவில் டிரவுட். மூணாற்றுத் தேயிலைத் துரைமாரும் இரவிகுளம், ராஜமலை ஓடைகளில் இம்மீனை விட்டு, தூண்டிற் சங்கம் அமைத்து, பொரிப்பகமும் நடத்தினர்.

நம் பெரியவர் சிறுவனாயிருந்தபோது, விடுமுறை நாட்களில் ஒரு துரையின் பின்னே உணவுக் கூடையும் வலையும் சுமந்து சென்றவராம். “மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கித்தான் நிற்கும். எந்தப் பாறையின் நிழலில் நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும், நூல் வீச அவருக்குத் தெரியும்” என்றார். உடனே தம் குடையை எடுத்து, எழுந்து நின்று, மணிக்கட்டை மட்டும் அசைத்து ஒரு வீச்சு வீசிக் காட்டினார். எழுபது வயதைக் கடந்தவரின் கை அது என்று யாரும் சொல்லார். ஆயினும் தம் வாழ்நாளில் அம்மீனை அவர் உண்டது ஒரே ஒரு முறைதான்.

இனிச் சிறுவனின் வினாவுக்கு வருவோம். வானவில் டிரவுட்டுக்கும் கடலோடும் உறவினம் உண்டு. வட அமெரிக்காவின் மேலைக்கரையில் அதனை ஸ்டீல்ஹெட் என்பர். நியூசிலாந்தில் விடப்பட்ட பழுப்பு டிரவுட்டுகளுள் சில, கடல் அருகில் இருந்தமையால், மீண்டும் கடலோடத் தொடங்கின. ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. அதன் சூழலில் பிறக்கும் நீரில் ஒரு பகுதி பெரியாற்றின் வழியே அரபிக் கடலையும், மற்றொரு பகுதி பாம்பாறு, அமராவதி, காவிரி வழியே வங்கக் கடலையும் சேர்கின்றது. நீர் இரு கடல்களுக்கும் போகின்றது. மீன் ஒன்றுக்கும் போவதில்லை. குளிர்ந்த நீரே அதற்கு உயிர். வெப்பம் சுமார் 25 பாகையைத் தாண்டினால் அது தாங்காது. மலையடிவாரத்து வெந்நிலமே அதற்கு மதில். தம்பி, நம் மீனுக்குக் கடல் மறந்துபோகவில்லை, வழிதான் அடைபட்டுள்ளது.

ஆயினும் இம்மீனின் கதையில் நாம் கருதவேண்டிய செய்தி வேறொன்று உண்டு. இவ்வினத்து முட்டைகளை ஓர் ஆற்றிலிருந்து எடுத்து வேறோர் ஆற்றிற் பொரிக்கச்செய்து, குஞ்சுகளை அங்கேயே வளரவிட்டால், கடல் சென்ற மீன் எவ்வாற்றுக்குத் திரும்பும்? தாய் வாழ்ந்த ஆற்றுக்கன்று. தான் வளர்ந்த ஆற்றுக்கே. அதன் நினைவில் பதிந்திருப்பது முன்னோர் குடித்த நீரன்று. தான் குடித்த நீரே.

அன்பர்களே, நம் பாட்டன்மார் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே மலையேறியவர்கள். மீனுக்குப் பொரிப்பகம் கட்டிய தோட்டத்தில் அவர்களுக்கு ஒற்றை அறை லயம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்றதும் அவ்வறையைக் காலி செய்யவேண்டும் என்பது தோட்ட வழக்கம். நம் பெரியவரும் அவ்வாறே காலி செய்து, தந்தை பிறந்த கிராமத்துக்குப் போனார். அங்கே அவரைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் இல்லை. “மலைக்காரர்” என்றார்களாம். மலையிலோ “பாண்டிக்காரர்” என்றார்கள். எட்டு மாதங்களில் மகளிடமே மீண்டுவிட்டார். திரும்பி வர விடுவார்களா என்று அவர் கேட்டதன் பொருள் இதுவே.

உவமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. வந்த மீன் ஓடையின் பழைய உயிர்களான தவளைக் குஞ்சுகளையும் சிறுமீன்களையும் உண்டு வாழ்வது. நம்மவரோ பிறர் உணவைப் பறிக்க வரவில்லை, உழைக்க வந்தனர். எனினும் நமக்கு முன்னரே அம்மலையை அறிந்த முதுவர் குடியினர் உண்டென்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது கடமை.

2020 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்களை இழந்தோம். மீட்கப்பட்டவர்களை அம்மலை மண்ணிலேயே அடக்கம் செய்தனர். நம் மாண்டோரைத் தாங்கியிருக்கும் மண்ணை அயல் மண் என்று எவ்வாறு சொல்வது?

நூலை நீட்டிய அச்சிறுவனின் பையில் பள்ளிப் படிவம் ஒன்றும் இருந்தது. “சொந்த ஊர்” என்ற இடத்தை அவன் நிரப்பவில்லை. தந்தை ஓர் ஊரைச் சொல்கின்றாராம். தாய் வேறோர் ஊரைச் சொல்கின்றாராம். தம்பி, நீ மூணாறு என்றே எழுது. தமிழ் உன் மொழி. பாட்டன் ஊர் உன் வேர். அவற்றை ஒருவரும் பறிக்க இயலாது. எழுதிய ஊர் ஏட்டிலும் நிலைபெற வேண்டுமாயின், பெற்றோர் பிறப்புச் சான்றையும் குடும்ப அட்டையையும் பணிச் சான்றுகளையும் ஒழுங்காக வைத்திருத்தல் வேண்டும். ஓய்வு நாள் வருமுன்னே சொந்தக் கூரைக்கென மாதந்தோறும் சிறிதேனும் சேமித்தல் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அன்பர்கள் அச்சான்றுகளை எடுத்து வருவார்களாயின், குறையுள்ளவற்றுக்கு விண்ணப்பம் எழுத நாம் உடனிருப்போம். பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். சிறுவனுக்கு வீச்சுக் கற்பிக்க வேண்டுமாம், குடையோடு வருவார்.