இல்லமும் கருவியும்: துருவேறிய பெட்ரோல் டாங்கி

அயலூரில் வாழும் நம்மவர் இல்லங்களில், ஊரைவிட்டுப் புறப்படுங்கால் உடன் வந்த பொருள்கள் சில உண்டு. ஆட்டுக்கல் வரும், குத்துவிளக்கு வரும், சில வீடுகளில் தந்தையார் ஓட்டிய மோட்டார் சைக்கிளும் ரயில் பார்சலில் வந்து சேரும். பின்னர் அலுவல், பிள்ளைகளின் படிப்பு, இடமாற்றம் என்று ஆண்டுகள் ஓட, வண்டி மாடிப்படியின்கீழ்த் தார்ப்பாய் போர்த்தியபடி நின்றுவிடும். ஒருநாள் மகனோ மகளோ அதனை ஓட்ட விரும்பி, டாங்கியின் மூடியைத் திறந்து டார்ச் விளக்கால் பார்த்தால், செங்கற்பொடி கொட்டியதுபோல் உள்ளே துரு தென்படும். "இனி இது பழைய இரும்புக்குத்தான்" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பெரும்பாலும் அவசர முடிவே என்பதை எடுத்துரைத்து, துருவை நீக்கும் முறையை விளக்குவதே இத்திங்களில் நம் நோக்கம்.

டாங்கியைக் காப்பாற்றுவதற்குத் தக்க காரணம் உண்டு. 1955-ஆம் ஆண்டு சென்னையில் கால்கொண்ட என்ஃபீல்டு தொழிற்சாலையின் 'புல்லட்' வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் டாங்கியில் ஓடும் பொன்னிறக் கோடுகள் தேர்ந்த கைகள் தூரிகையால் இழுத்தவை. புதிய டாங்கி கடையில் கிடைக்கலாம். தந்தையார் நாளும் துடைத்து வைத்த அந்தக் கோடு கிடைக்காது.

துரு வருவது எவ்வாறு? இரும்பு, நீர், உயிர்வளி மூன்றும் கூடினால் துரு பிறக்கும். நீரே ஊற்றாத டாங்கிக்குள் நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பாதி வெறுமையான டாங்கி நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. பகல் வெப்பத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவுக் குளிரில் ஈரக்காற்று உட்புகும். அவ்வீரம் மேற்சுவரில் பனித்துளியாகப் படிந்து, வழிந்து, பெட்ரோலைவிடக் கனமானதாகலின் அடியில் சென்று தங்கும். ஆகவேதான் மேற்சுவரும் அடிமூலையும் முதலில் துருவேறுகின்றன. ரயிலில் அனுப்பும் வண்டியின் டாங்கியில் பெட்ரோல் இருத்தலாகாது என்பது விதி. அவ்வாறு வடித்த டாங்கியை, வந்து சேர்ந்த பின்னும் வெறுமையாகவே விட்டுவிடுவது நம்மவர் வீடுகளில் துருவுக்கு ஒரு தனிக் காரணம்.

இக்காலத்தில் வேறொன்றும் சேர்ந்துள்ளது. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்து, 2025-ஆம் ஆண்டிற்குள் நாடெங்கும் பரவிற்று. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. ஈர்த்த நீர் அளவு கடந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலினின்று பிரிந்து அடியில் தங்கும். நெடுநாள் நிற்கும் வண்டிக்கு இது நல்லதன்று.

நிற்க. பணியைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. பெட்ரோலைக் காட்டிலும் அதன் ஆவியே கொடியது. வடித்து வைத்த டாங்கியினுள் பல நாள் கழித்தும் ஆவி தங்கியிருக்கும். எனவே வேலை முழுவதும் திறந்த வெளியில் நடைபெற வேண்டும். பீடி, சிகரெட், பூசை விளக்கு, அடுப்பு, மின்பொறி எதுவும் அருகில் ஆகாது. குழந்தைகளை விலக்கி வைத்தல் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிக. வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாமல், மூடியுள்ள உலோகக் கலத்தில் அடைத்துப் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

முதலாவதாக, டாங்கியை வண்டியினின்று கழற்றி, பெட்ரோல் காக், மூடி, அளவுகாட்டி இருப்பின் அதன் மிதவை ஆகியவற்றை அகற்றுக. இவற்றிலுள்ள பித்தளை, அலுமினியம், ரப்பர் ஆகியவை அமிலத்தில் கெடும். காக் இருந்த துளையை ரப்பர்த் தக்கையால் இறுக அடைக்கவும். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு நீரால் மூன்று நான்கு முறை அலசி, பெட்ரோல் வாடையும் பிசுக்கும் நீங்கச் செய்க. பிசுக்குள்ள இடத்தில் அமிலம் பற்றாது.

இரண்டாவதாக, உதிரும் துருவை வெளியேற்ற வேண்டும். சிறிய இரும்பு நட்டுகள் ஐம்பதை எண்ணிப் போட்டு, சோப்பு நீர் சிறிது விட்டு, டாங்கியைப் பழைய கம்பளியில் சுற்றி நாற்புறமும் ஆட்டுக. கூழாங்கல் போடுவாரும் உளர். ஆயின் கல் மூலையில் சிக்கினால் எடுப்பது அரிது. இரும்பு நட்டையோ காந்தத்தால் இழுத்துவிடலாம். போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக அமிலம். நம் வீட்டுப் பெண்டிர் பித்தளைச் செம்பைப் புளியிட்டுத் துலக்குவதும் இதே தத்துவத்தால்தான். ஆனால் புளியின் நார் டாங்கியில் அடைத்துக்கொள்ளும். அதற்கு ஈடாக எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் தக்கது. வடநாட்டு மளிகைக் கடைகளில் 'நீம்பூ சத்' என்று கேட்டால் தருவர். லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெந்நீரில் கரைக்கவும். 14 லிட்டர் கொள்ளும் டாங்கிக்கு 700 கிராம் வேண்டும். கழுத்து வரை நிரப்புதல் இன்றியமையாதது. பாதி நிரப்பினால் துரு மிகுந்த மேற்சுவர் அப்படியே நிற்கும். சிறிது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாகையால் மூடியை இறுக மூடற்க. துணியொன்றைப் போர்த்தினால் போதும். சில மணிக்கு ஒருமுறை பார்த்து வருக. 12 முதல் 24 மணி நேரத்தில் சாம்பல் நிற இரும்பு தெரியும். கரைசல் வெளியில் சிந்திப் பொற்கோட்டைக் கெடுக்காதபடி, முன்னரே வெளிப்புறத்தில் மெழுகு பூசி, சிந்தியதை உடனே கழுவிவிடவும்.

கழிவறை கழுவும் கடும் அமிலத்தை ஊற்றி அரை மணியில் வேலை முடிப்பதாகச் சொல்வாரை நம்பற்க. அது துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். அதன் புகை நுரையீரலுக்கும் தீது.

நான்காவது கட்டமே பலர் கோட்டை விடும் இடம். அமிலம் நீங்கிய இரும்பு பச்சைப்புண் போன்றது. ஈரத்தோடு விட்டால் சில நிமிடங்களிலேயே செம்மை படரும். ஆகவே கரைசலை வடித்ததும், ஆப்ப சோடா கரைத்த நீரால் அலசி எஞ்சிய அமிலத்தை முறித்து, வெந்நீரால் ஒருமுறை கழுவி, உடனே உலர்த்துக. வெந்நீரால் சூடேறிய தகடு விரைவில் காயும். கடும் வெயிலும், பட்டறையில் கிடைக்கும் அழுத்தக் காற்றும் துணை செய்யும். முற்றும் உலர்ந்தபின் 200 மில்லி எஞ்சின் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் புரட்டி வடித்துவிடவும். இவையனைத்தையும் ஒரே பகலில் இடைவிடாது செய்ய வேண்டும்.

இனி ஒரு சோதனை. எண்ணெய் பூசுமுன், வெந்நீர் நிரப்பிய வேளையிலேயே வெளிப்புறத்தைத் துடைத்து, அடித் தையலில் கசிவு உண்டா என்று பார்க்க. துருவே அடைத்து வைத்திருந்த ஊசித்துளைகள் இப்போது வெளிப்படலாம். கசிவு கண்டால் எவரும் வீட்டில் பற்றவைக்க முயலற்க. வெறும் டாங்கி நெருப்புப் பட்டு வெடித்து உயிர் போவது உண்டு. அதனைப் பெட்ரோல் டாங்கி வேலையில் பழகிய பட்டறைக்காரரிடமே விடுக. உட்பூச்சு பூசுவதாயின் எத்தனாலைத் தாங்குவதுதானா என்று கேட்டறிக. தாங்காத பூச்சு தோல்போல் உரிந்து மீண்டும் வழியை அடைக்கும்.

டாங்கியை மாட்டும்போது புதிய வடிகட்டியொன்று பொருத்தி, கார்புரேட்டரையும் கழற்றித் துலக்குதல் நலம். எஞ்சிய துருத்தூள் அதன் நுண்துளையை அடைத்தால், எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்து சூடு மிகும்.

மீண்டும் வண்டியை நிறுத்த நேர்ந்தால், ஓரிரு மாதத்திற்கு டாங்கியைக் கழுத்து வரை நிரப்பி வைக்க; ஈரக்காற்றுக்கு இடமிராது. ஆண்டுக்கணக்கில் நிற்குமாயின், முற்றும் வடித்து, உலர்த்தி, உள்ளே எண்ணெய் பூசி மூடுக. விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், அங்கே கொட்டகையில் நிற்கும் வண்டியின் மூடியையும் ஒருமுறை திறந்து பார்த்து வருவார்களாக.