பதினோரு மாத மேடம்கள்

நாம் "மேடம்" என்று கூப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் நிரந்தரம் என்று யோசித்ததுண்டா நண்பர்களே? மீனம்பாக்கத்தில் தொடங்கி தாம்பரம், செங்கல்பட்டு வரை எத்தனையோ கல்லூரிகள். அவற்றில் பாடம் நடத்துகிறவர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர், தற்காலிகம், சுயநிதிப் பிரிவு என்று ஏதோ ஒரு பெயரில் இருப்பவர்கள்தான்.

பெயரில் கௌரவம் இருக்கிறது. சம்பளத்தில்?

2019-ல் யூ.ஜி.சி. சொன்னது வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் 2024-ல் கொடுத்தது 25,000. அதுவும் 11 மாதம்தான், மே மாதம் கிடையாது. பி.காம். படிக்கிற நமக்கு இந்தக் கணக்கு கஷ்டமில்லை. வருஷத்துக்கு 2,75,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 23,000 கூட வராது. அதே 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் 50,000 தரச் சொல்லி உத்தரவிட்டது.

"ஆண்களுக்கும் இதே நிலைதானே, பெண்களை மட்டும் ஏன் தனியாகப் பேசணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வயசுதான் காரணம். முதுகலை, நெட், பிஎச்.டி. என்று முடித்து வகுப்புக்குள் நுழைகிற வயசும் குழந்தை பெறுகிற வயசும் ஒன்றாகவே வருகிறது. ஆகஸ்டில் பிரசவம் என்றால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். அடுத்த ஜூனில் திரும்பக் கூப்பிடுவார்களா? உத்தரவாதம் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மகப்பேறு விடுப்பு 2017-ல் 26 வாரம் ஆனது. டெல்லி ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு பலன் தொடர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் ஜூனில் யாருடைய கையெழுத்தால் வேலை தொடர வேண்டுமோ, அவரிடம் போய் ஜனவரியில் சட்டம் பேச யாருக்குத் தைரியம் வரும்?

இன்னொரு வேடிக்கை. யூ.ஜி.சி. விதிப்படி பிஎச்.டி. செய்யும் பெண்ணுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு, ஆய்வை முடிக்க 2 வருஷம் கூடுதல் அவகாசமும் உண்டு. அதே பெண் பட்டம் வாங்கிப் பாடம் நடத்த வந்தால் 11 மாத ஆர்டர்!

காஸ்ட் அக்கவுண்டிங்கில் படித்தோமே, உற்பத்தியோடு ஏறி இறங்குவதுதான் வேரியபிள் காஸ்ட். வருஷா வருஷம் அதே பேப்பர், அதே பீரியட். இதில் ஏறி இறங்க என்ன இருக்கிறது? தேவை நிரந்தரம், ஆள் மட்டும் தற்காலிகம்.

எல்லோரையும் நாளைக்கே நிரந்தரமாக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. நியமன ஆர்டரிலேயே மகப்பேறு விடுப்பை எழுதுங்கள். போனவர் திரும்பி வரும்வரை அந்த இடம் அவருக்கே இருக்கட்டும். அனுபவக் கணக்கில் அந்த மாதங்களைக் கழிக்காதீர்கள். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, மனசு இருந்தால் போதும்.