பெயர் தெரியாத காளான்



மாரி மழை விட்ட ஒரு காலையில் எங்கள் மத்ரஸா மாணவன் ஒருவன் கைநிறையக் காளான் கொண்டுவந்தான். வாவிக்கரைத் தோட்டத்தில் புற்றடியில் முளைத்ததாம். “ஹஸ்ரத், இதை ஆக்கித் தின்னலாமா?” என்று கேட்டான்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள் நம்மவர்கள். அரபிகளும் பாலைநிலத்தில் விளையும் ‘கம்அ’ என்ற நிலக்காளானை ‘இடியின் மகள்’ என்பர். அது ‘மன்னு’ வகையைச் சேர்ந்தது என்று வரும் புகாரி ஹதீஸுக்குப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால், என் ஊர் மண்ணில் முளைத்ததன் பெயர் எனக்குத் தெரியவில்லை!

நம் நாட்டில் இதை அறிய முயன்றவர்கள் உண்டு. 1849இல் பேராதனைத் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற துவெயிட்ஸ், பங்கசுக்களைச் சேகரித்து இங்கிலாந்திலிருந்த பேர்க்லி என்ற பாதிரியாருக்கு அனுப்பினார். பேர்க்லியும் புரூமும் 1870களில் அவற்றைப் பட்டியலிட்டு வெளியிட்டனர். 1905இல் வந்த தோமஸ் பெச், இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கு உழைத்தார். புற்றுக்குள் கறையான் வளர்க்கும் பங்கசு பற்றி 1906இலேயே எழுதினார். அவர் 1948இல் இறந்தார். பிஸ்பி என்பவருடன் அவர் பெயரும் தாங்கிய ‘இலங்கையின் பங்கசுக்கள்’ என்ற நூல் 1950இல்தான் வெளிவந்தது.

பெயர் அறிவதால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? 1869இல் நம் நாட்டுக் கோப்பி இலைகளில் மஞ்சள் தூள் படிந்தது. துவெயிட்ஸ் அனுப்பிய இலையைப் பார்த்துத்தான் பேர்க்லி அந்தப் பங்கசுக்குப் பெயரிட்டார். அது காற்றில் பரவும் விதத்தை ஆராய வார்ட் என்பவர் வந்தது 1880இல். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. நம் வயல்களின் எரிபந்தமும் பங்கசு நோய்தான். அதை இனங்கண்டதால்தான், யூரியாவை அளவுக்கு மீறி இடாதே என்று விவசாயிக்குச் சொல்ல முடிகிறது.

உலகில் ஏறத்தாழ 25 இலட்சம் பங்கசு இனங்கள் இருக்கலாம் என்பது அறிஞர்களின் கணிப்பு. பெயரிடப்பட்டவை ஒன்றரை இலட்சம் அளவில்தான். நம் வாவியின் கண்டல் இலைகளை மக்கவைத்து இறாலுக்கும் நண்டுக்கும் இரையாக்குவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

அரபுக் கல்லூரியில் எங்கள் உஸ்தாத்மார் ‘லா அத்ரீ’ (எனக்குத் தெரியாது) என்று சொல்லக் கூச்சப்படாதே எனப் பழக்கினார்கள். அதையே மாணவனிடம் சொன்னேன். “தெரியாத காளானை வாயில் வைக்காதே. புழு தின்றதால் நஞ்சில்லை என்று நம்பாதே. சில நஞ்சு அடுப்பில் வெந்தாலும் போகாது” என்றேன்.

அவன் முகம் வாடியது. “எறிந்துவிடவா, ஹஸ்ரத்?” என்றான்.

“பொறு. முதலில் படம் வரை. முளைத்த இடத்தையும் திகதியையும் எழுதி உன் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டு. அவர் பெயர் சொன்னால் எனக்கும் வந்து சொல்” என்றேன்.

உங்கள் பிள்ளையும் நாளை ஒன்றைக் கொண்டுவரக்கூடும். தட்டிவிடாதீர்கள், சட்டியிலும் போடாதீர்கள்.