சுக ஜாபிதா

வருஷந்தோறும் மார்ச்சு மாதம் 20-ந் தேதியையொட்டி உலக தேசங்களின் சுக ஜாபிதா ஒன்று வெளியாகிறது. 2012-ல் தொடங்கிய இவ்வறிக்கை வந்தவுடன் நம் தேசத்தில் ஒரு சிறு கலகம் மூளுவது வழக்கமாகிவிட்டது. 2025-ஆம் வருஷத்து ஜாபிதாவில் 147 தேசங்களுள் இந்தியாவுக்குக் கிடைத்தது 118-ஆவது ஸ்தானம். நேபாளம் 92-லும் பாகிஸ்தான் 109-லும் இருந்தன. பின்லாந்து தொடர்ந்து எட்டாவது முறையாக முதலிடம் பெற்றது. உடனே ஒரு கட்சியார், இது நம்மை இழிவுபடுத்த அன்னியர் செய்த சூழ்ச்சி என்றனர்; மற்றொரு கட்சியார், சர்க்காரை அடிப்பதற்கு நல்ல கோல் அகப்பட்டதென்று மகிழ்ந்தனர். இரு சாராரும் அறிக்கையைத் திறந்து பார்த்ததாக நமக்குத் தோன்றவில்லை.

ஜாபிதா தயாராகும் விதம் மிகவும் எளியது. ஒவ்வொரு தேசத்திலும் வருஷத்திற்குச் சுமார் 1,000 பேரிடம் ஒரே கேள்வி கேட்கப்படுகிறது. பூஜ்யம் முதல் பத்து வரை படிகளுள்ள ஏணி ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்; உச்சிப்படி உனக்குக் கிட்டக்கூடிய மிக நல்ல வாழ்வு, அடிப்படி மிகக் கெட்ட வாழ்வு; இப்பொழுது நீ நிற்பது எந்தப் படியில் என்பதே கேள்வி. இதனை வகுத்தவர் ஹாட்லி காண்ட்ரில் என்னும் அமெரிக்க அறிஞர். மூன்று வருஷத்து விடைகளின் சராசரியே தேசத்தின் ஸ்தானத்தை நிர்ணயிக்கிறது. வருமானம், ஆயுள், ஊழல் முதலியவற்றைக் கூட்டித்தான் இந்த எண் வருகிறதென்று பலரும் எழுதுவது தவறு. ஒரு தேசத்துக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவதற்கே அவை எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எண்ணைச் சொல்லுபவன் சாதாரணப் பிரஜையே.

ஆகவே இது சாட்சியம். சாட்சியத்தைக் கேளாமலே தள்ளுவது நியாயமன்று. அதனையே தீர்ப்பென்று கொள்ளுவதும் நியாயமன்று. குறுக்கு விசாரணை செய்து பார்ப்பதே முறை.

முதலாவது, சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டவர் யார் என்று கேட்போம். இவ்வறிக்கை பிறப்பதற்கே தூண்டுகோலாயிருந்தது பூடான் தேசம். மொத்த உற்பத்தியைவிட மொத்த சுகமே பெரிதென்று அந்நாட்டு மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் கூறியது உலகப் பிரசித்தம். அதே மன்னரின் ஆட்சியில், 1990-ஐ ஒட்டிய வருஷங்களில், நேபாள மொழி பேசும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேற நிர்ப்பந்திக்கப்பட்டு, நேபாளத்து முகாம்களில் பல்லாண்டு அகதிகளாய்க் கிடந்தார்கள். எல்லைக்கு உள்ளே இருப்போரிடம் மட்டும் சுகத்தைக் கேட்டு எழுதும் கணக்கில், வெளியே தள்ளப்பட்டவனின் துக்கம் எந்தப் பத்தியில் ஏறும்?

இரண்டாவது, எதனை அளக்கிறோம் என்பது. நம் தேசத்திற்குள்ளேயே மாகாணங்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2020-ஆம் வருஷத்து மாதிரிப் பதிவின்படி, பிறந்த 1,000 குழந்தைகளுள் ஒரு வயது நிரம்பு முன் இறந்தவை கேரளத்தில் 6. மத்தியப் பிரதேசத்தில் 43. இதைக் கொண்டு கேரளமே சுக பூமி என்று முடிவு கட்டலாமா? தேசியக் குற்றப் பதிவேட்டின்படி, 2022-ல் லட்சம் ஜனங்களுக்குத் தற்கொலை செய்துகொண்டோர் இந்தியா முழுமைக்கும் 12.4, கேரளத்தில் 28.5, நம் தமிழ்நாட்டில் 25.9, பீஹாரில் 0.6. இந்தக் கணக்கைக் கொண்டால் பீஹாரே சுவர்க்கமாகிவிடும்! பிழைப்புக்காகத் தன் புதல்வர்களைத் திக்குத் திக்காக அனுப்பிவைக்கும் அம்மாகாணத்தார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இது போலீஸ் ஸ்டேஷனில் பதிவாகும் கணக்கு. மானத்திற்கும் விசாரணைக்கும் அஞ்சி மறைக்கப்படும் மரணங்கள் இதில் சேருவதில்லை. ஆயினும், குழந்தையைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட கேரளமும் தமிழ்நாடும் வளர்ந்த மனிதனின் மனத்தைக் காப்பாற்றக் கற்கவில்லை என்னும் உண்மையை இச்சாக்குச் சொல்லி மூடிவிட முடியாது.

மூன்றாவது, சராசரி என்னும் திரை. 140 கோடி ஜனங்களுக்கு ஒரே எண்! எட்டாம் படியில் நிற்கும் ஒருவனையும் பூஜ்யத்தில் கிடக்கும் ஒருவனையும் கூட்டி வகுத்தால் இருவரும் நான்காம் படியில் நிற்பதாகக் கணக்கு வரும். அந்த நான்காம் படியில் நிற்பவன் எவனுமில்லை.

இக்குறைகளைக் காட்டிச் சர்க்கார் தப்பித்துக்கொள்ளலாகாது. 2016-ல் மத்தியப் பிரதேச சர்க்கார் சுகத்திற்கென்றே தனி இலாகா ஏற்படுத்திற்று. நோக்கம் நல்லதாயிருக்கலாம். ஆனால் அதற்கு நான்கு வருஷம் கழிந்தும், குழந்தை மரணத்தில் இந்தியாவிலேயே முன்னணியில் நின்றது அம்மாகாணமே என்பதை மேலே கண்டோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஆனந்தத்தைப் போதிக்க இலாகா வேண்டியதில்லை. மருத்துவச்சி வேண்டும், மருந்து வேண்டும், மழைக்காலத்திலும் வண்டி போகும் பாதை வேண்டும்.

நாம் கூறுவது இதுவே. 118 என்னும் எண்ணைப் பற்றிய சண்டையை நிறுத்துவோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 707 ஜில்லாக்களில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளின் கதவு தட்டப்பட்டது. அத்தனை வீடுகளின் வாசற்படி ஏறுகிற சர்க்கார், அந்த ஏணிக் கேள்வியையும் அங்கே கேட்கட்டும். விடைகளை ஜில்லா வாரியாக, ஆண் பெண் வாரியாக, தொழில் வாரியாக வெளியிடட்டும். சராசரியை மட்டும் சொல்லி நிறுத்தாமல், கீழ் மூன்று படிகளில் கிடப்போர் எத்தனை பேர் என்பதைத் தனியே பிரசுரிக்கட்டும். பின்லாந்துக்கும் நமக்கும் உள்ள தூரத்தை அளப்பதைக்காட்டிலும், ஒரே ஜில்லாவில் மாடி வீட்டுக்கும் சேரிக்கும் உள்ள தூரத்தை அளப்பது அவசரமான காரியம்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மார்ச்சு மாதத்தில் ஜாபிதா வெளியாகும்போது, நம் ஸ்தானம் ஏறிற்றா இறங்கிற்றா என்று பத்திரிகையில் தேடுவதற்கு முன், தங்கள் ஊரில் அடிப்படியில் கிடப்பவன் யார் என்று தேடுவார்களாக. அவன் ஒரு படி ஏறினால் அதுவே தேசம் ஏறிய படியாகும்.