பல் டாக்டரும் டாக்டர்தான்



போளூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு பி.டி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் டாக்டருக்குப் படிக்கப் போகும் முதல் பிள்ளை அவள். இனிப்பு கொடுக்கப் போன வீடுகளிலெல்லாம், "ஏன், எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்றுதான் முதலில் கேட்டார்களாம். "மகள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் முகம் வாடிவிட்டது. அவளுக்காக நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள்" என்கிறார் அந்தத் தாய்.

மகளே, உனக்கு ஒரு பல் டாக்டரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். போருக்குப் போய் வந்தவர் அவர்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் படை பிரான்ஸுக்குக் கப்பலேறியபோது, அதோடு ஒரு பல் டாக்டர்கூடப் போகவில்லை. சிப்பாய்க்குப் பல்வலி வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஆண்டு அக்டோபரில் தளபதி டக்ளஸ் ஹேக்குக்கே பல்வலி வந்தது. பாரிஸிலிருந்து ஒரு பல் டாக்டரை வரவழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் போர்முனைக்குப் பல் டாக்டர்களை அனுப்பும் யோசனையே மேலிடத்துக்கு வந்தது. பல் மருத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் பழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

நான் சொல்லவந்த பல் டாக்டர் வராஸ்டாட் கஸஞ்சியன் அந்தப் போருக்கு 1915-ல் வந்து சேர்ந்தார். 1879-ல் ஆட்டோமன் பேரரசில், ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆர்மீனியர்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த 1895-ல், பதினாறு வயதில், அமெரிக்காவுக்கு வந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் கம்பி ஆலையில் கூலி வேலை. வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலம் கற்று, ஹார்வர்டு பல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1905-ல் பட்டம் பெற்றார். உடைந்த தாடைகளைக் கம்பியால் கட்டிச் சேர்ப்பதில் விரைவிலேயே பெயரெடுத்தார். ஆலையில் கம்பியோடு பழகிய கை அது.

ஹார்வர்டிலிருந்து போன மருத்துவக் குழுவோடு, பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் காமியே என்ற இடத்தில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குப் போனார். சில மாதப் பணி என்றுதான் பேச்சு. குழு திரும்பியபோது, அவரை மட்டும் விட மனமில்லாமல் இருக்கச் சொல்லிவிட்டது பிரிட்டிஷ் ராணுவம். 1919 வரை அங்கேயே இருந்தார்.

ஏன் விட மனமில்லை? அது பதுங்குகுழிப் போர். உடம்பு மண்ணுக்குள் மறைந்திருக்கும். எட்டிப் பார்க்கும் தலைதான் குண்டுக்கு இலக்கு. தாடை சிதறிய வீரர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். அவர்களை மல்லாக்கப் படுக்கவைத்தால், பிடிமானம் இழந்த நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும். உட்காரவைத்து, முன்னால் குனியவைத்துத்தான் தூக்கிவர வேண்டும். உயிர் தப்பியவர்களுக்கு அடுத்த ஆபத்து தையலில் இருந்தது. உள்ளே எலும்பு நிற்காமல் மேல்தோலை மட்டும் இழுத்துத் தைத்துவிட்டால், ஆறும்போது தழும்பு சுருங்கி முகத்தையே கோணலாக்கிவிடும். அப்புறம் சோற்றை மெல்ல முடியாது, பேச்சும் குழறும்.

இந்த இடத்தில்தான் பல் டாக்டரின் படிப்பு கைகொடுத்தது. முதலில் வாயை அச்செடுத்து, பிளாஸ்டர் மாதிரி செய்துகொள்வார்கள். தாடை எங்கே உடைந்ததோ, மாதிரியை அங்கே அறுப்பார்கள். மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் கடிபடும் இடங்களைப் பார்த்துப் பார்த்து, துண்டுகளைப் பழைய நிலைக்குச் சேர்ப்பார்கள். அந்த அளவுக்கு ரப்பரிலும் உலோகத்திலும் தாங்கி செய்து, நோயாளியின் வாயில் பொருத்துவார்கள். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும். தோலை அதன் மேல் நிதானமாக மூடலாம். ஒரு மனிதனின் தாடை முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அவன் பல்லே சாட்சி. அந்தச் சாட்சியத்தைப் படிக்கத் தெரிந்தவர் கஸஞ்சியன்.

மூவாயிரத்துக்கும் அதிகமான வீரர்களுக்கு அவர் சிகிச்சை செய்தார். மேற்குப் போர்முனையின் அற்புத மனிதர் என்று பத்திரிகைகள் எழுதின. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் விருதளித்துக் கௌரவித்தார்.

ஊர் திரும்பிய பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. இவ்வளவு புகழோடு வந்தவர், மறுபடி மாணவராகி ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் படித்தார். 1921-ல் மருத்துவப் பட்டம் வாங்கியபோது வயது 42. 1941-ல் ஹார்வர்டின் முதல் பிளாஸ்டிக் சர்ஜரி பேராசிரியரானார். 95 வயது வரை வாழ்ந்து 1974-ல் காலமானார். இன்று முகச் சீரமைப்பு என்று பெருமையாகச் சொல்லும் துறை, பாதிக்குப் பாதி பல் டாக்டர்களின் பட்டறையில் உருவானது.

நம் நாட்டிலும் ராணுவத்துக்கென்று பல் மருத்துவப் படை இருக்கிறது. 1941-ல் தொடங்கப்பட்டது. பி.டி.எஸ். முடித்தவர்கள் அதில் அதிகாரியாகச் சேரலாம். அந்தப் பணியை முடித்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கமே வந்து கிளினிக் வைத்தவர்கள் உண்டு. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்கள் பல. அங்கே இப்படிப்பட்ட டாக்டரின் கிளினிக்கில் பல்வலிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகவிருக்கும் பையன்களும் வரிசையில் இருப்பார்கள். ராணுவத்தில் சேரக் குறைந்தது 14 'டென்டல் பாயின்ட்' வேண்டும். முழுப் பல்வரிசைக்கு 22. மெல்லும் பல்லுக்கு மேலும் கீழும் ஜோடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் மதிப்பெண். ஓட்டத்திலும் உயரத்திலும் தேறிய பையன் கடைவாய்ப் பல்லில் தவறிவிடக் கூடாதே என்று, எதை அடைக்கலாம், எதைப் பிடுங்காமல் காப்பாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறவர் அந்த டாக்டர். அவன் சீருடை போட்டு ஊருக்கு வரும் நாளில் அவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அதே நாற்காலியில் அவர் பார்க்கும் இன்னொன்றும் இருக்கிறது: வாய்ப் புற்றுநோய். உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்டு விடாமல் சுருட்டுப் பிடித்தவர். 1923-ல் வாய்க்குள் புற்றுநோய் தெரிந்தது. தாடையின் ஒரு பகுதியையே எடுத்துவிட்டு, செயற்கைப் பாகத்தை மாட்டிக்கொண்டு வலியோடு வாழ்ந்தார். 1931-ல் அதைச் சரிசெய்யக் கேட்டு அழைக்கப்பட்டவரும் கஸஞ்சியன்தான்.  நம் ஊர்களில் சுருட்டின் இடத்தை, வாயில் அடக்கும் புகையிலையான ஹான்ஸும் கூல் லிப்பும் பிடித்துக்கொண்டுவிட்டன. இந்திய ஆண்களை மிக அதிகமாகத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. அது வயிற்றுக்குள்ளோ நெஞ்சுக்குள்ளோ ஒளிந்திருப்பதல்ல. வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது. பல் அடைக்க வந்தவரின் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பஞ்சு வைத்து விலக்கி, விளக்கடித்துப் பார்க்கிறாரே சின்ன ஊர் பல் டாக்டர், அந்த ஒரு நிமிடம் பலருடைய ஆயுளை நீட்டியிருக்கிறது.

ஆகவே மகளே, நீ சேர்ந்திருப்பது வேறு இடம் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசில் அல்ல. நிமிர்ந்து போ, நன்றாகப் படி. முடிந்தால் சில ஆண்டுகள் சீருடையில் பணி செய். பிறகு உன் ஊருக்கே வா. அங்கே உனக்கு வேலை நிறைய இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாய்க்குள் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தாலும், இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டாலும், காரம் பட்டால் எரிந்தாலும், வாயை முன்போல் அகலமாகத் திறக்க முடியாவிட்டாலும் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, அதுதான் ஏமாற்றுவது. புகையிலை போடும் அப்பாவையோ அண்ணனையோ தாத்தாவையோ, இந்த வாரமே பக்கத்திலிருக்கும் பல் டாக்டரிடம் அழைத்துப் போய் ஒருமுறை வாயைக் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்