இம்யூனிட்டி பவுடரும் மனச்சிதைவு நோயும்

"மனச்சிதைவு நோய்க்கும் எதிர்ப்பு சக்திக்கும் சம்பந்தம் இருக்காமே டாக்டர்? அப்போ மாத்திரையை நிறுத்திட்டு பையனுக்கு இம்யூனிட்டி பவுடர் குடுக்கலாமா?"

ஓபியில இப்படிக் கேட்கிறாங்க. கேள்வியோட முதல் பாதி சரி. இரண்டாவது பாதி ஆபத்து. ஏன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

1. ஸ்கிசோஃப்ரீனியாவைத்தான் தமிழில் மனச்சிதைவுன்னு சொல்றோம். யாரும் பேசாதப்போ காதில் குரல் கேட்கும். எல்லாரும் தனக்கு எதிரா சதி பண்றாங்கன்னு உறுதியா நம்புவாங்க. யார்கிட்டயும் பேசாம ஒதுங்கிப் போவாங்க. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். இது பேயும் இல்லை, வளர்ப்பு சரியில்லாததால வந்ததும் இல்லை.

2. இதில் எதிர்ப்பு சக்தி எங்கே வருது? மூளையில நரம்பு செல்களுக்கு இடையே எக்கச்சக்கமான இணைப்புகள் இருக்கு. வளரும் வயசுல, தேவையில்லாத இணைப்புகளை மூளையே கழிச்சுவிடும், செடிக்குக் கிளை கழிக்கிற மாதிரி. அந்த வேலையைச் செய்றது எதிர்ப்பு மண்டலத்தோட ஆட்கள். கழிக்க வேண்டிய இணைப்புக்கு சி4 மாதிரியான புரதங்கள் அடையாளம் வைக்கும். மைக்ரோக்ளியா செல்கள் வந்து விழுங்கும்.

3. சி4 புரதத்தை அதிகமா உண்டாக்குற மரபணு வகை இருக்கிறவங்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு 2016-ல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. அது மட்டுமே காரணம் இல்லை. பல காரணங்களில் ஒண்ணு.

4. இங்கேதான் கவனிக்கணும். எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சுன்னு யாரும் சொல்லல. கழிக்கிற வேலை அளவு மீறிப் போச்சோங்கிறதுதான் சந்தேகம். ரத்தத்துல ஐஎல்-6, சிஆர்பி போன்ற அழற்சிக் குறியீடுகளும் இந்த நோயாளிகளுக்கு சராசரியா கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு. அப்புறம் எதை 'பூஸ்ட்' பண்ணப் போறோம்?

5. சரி, அழற்சியைக் குறைச்சா நோய் குறையுமா? மினோசைக்ளின் மாத்திரையை வெச்சு பிரிட்டன்ல சோதிச்சாங்க. 2018-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. பெரிய ஆராய்ச்சியாளர்களே இன்னும் தேடிக்கிட்டிருக்கிற பதில், கடையில டப்பாவுக்குள்ள கிடைக்காது.

6. ஆனா இந்த எதிர்ப்பு சக்தி விஷயத்துல நீங்க தெரிஞ்சே ஆக வேண்டியது ரெண்டு இருக்கு.

முதலாவது: மனச்சிதைவு மாதிரியே தொடங்குற வேற நோய் ஒண்ணு. பேரு ஆன்ட்டி என்எம்டிஏ ரிசப்டர் மூளை அழற்சி. 2007-ல்தான் தெளிவா அடையாளம் கண்டாங்க. உடம்போட எதிர்ப்பணுக்களே மூளையைத் தாக்கும். இளம்பெண்களுக்கு அதிகம், சிலருக்கு சினைப்பைக் கட்டியும் இருக்கும். நேரத்தோட ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் சிகிச்சை கொடுத்தா பெரும்பாலானவங்க தேறி வருவாங்க.

நல்லா இருந்த பிள்ளை சில நாட்கள்லயே பேச்சும் நடத்தையும் மாறி, கூடவே காய்ச்சல், வலிப்பு, வாய் கோணி அசையறது, உடம்பு விறைப்பு, நினைவு மங்கல் இருந்தா, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய் நாளைக் கடத்தாதீங்க. அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க.

இரண்டாவது: மத்த மாத்திரைகள் கேட்காதப்போ நாங்க கொடுக்கிற குளோசபின். நல்ல மருந்து. ஆனா அபூர்வமா சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைச்சிடும். அதனாலதான் ஆரம்பத்துல வாராவாரம் ரத்தம் எடுக்கிறோம். இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்குக் காய்ச்சல், தொண்டை வலி வந்தா மெடிக்கல்ல கேட்டு எதையாவது வாங்கிப் போடாதீங்க. உடனே வந்து ரத்தத்தைப் பாருங்க.

7. மத்தபடி, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. நல்லாயிட்டான்னு நிறுத்தி, சில மாசத்துல முன்னைவிட மோசமா திரும்பி வர்றவங்களை நிறைய பார்க்கிறோம்.

யாரைக் கேட்கிறதுன்னு தெரியலைன்னா 14416-க்கு, டெலி மானஸுக்கு, கூப்பிடுங்க. தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அரசு மருத்துவமனையில மாத்திரையும் இலவசம். பவுடருக்கு எடுத்து வெச்ச காசு பஸ்ஸுக்கு ஆகட்டும்.