டவர் முதலில், கட்டணம் அடுத்து

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் கட்டணத்தை உயர்த்தியதும் பலர் பி.எஸ்.என்.எல். பக்கம் போனார்கள். தவறில்லை. ஆனால் பேசுவதற்கு மொட்டைமாடிக்கு ஓட வேண்டுமென்றால் எந்த மலிவு சிம்மாலும் பயனில்லை. நிறுவனங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதைப் பாருங்கள், பக்கத்து வீட்டிலும் விசாரியுங்கள். அடுத்து கட்டணத்தைக் கணக்கிடுங்கள்: 28 நாள் பேக் என்றால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ். எண் மாறாமல் நிறுவனம் மாற, 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிக் குறியீடு பெறலாம்.

டேட்டா தேவைப்படாத முதியவர்களுக்கு உதவும் வகையில், அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டுமுள்ள பேக்கை 2024 டிசம்பரில் டிராய் கட்டாயமாக்கியது. பாட்டி ரீசார்ஜுக்கு வந்து நின்றால், கடைக்காரர் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.